ஏறவில்லையே என்று இழுக்காதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் விமானி பயிற்சிக்குக் கிளம்புகிறாள். போன வாரம் அவளுடைய அப்பா வந்து கேட்டார்: "சார், டேக் ஆஃப் ஆனதும் ஸ்டால் ஆகி விழுந்துச்சுங்கறாங்களே, இன்ஜின் நின்னுடுமா?"

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், கொண்டை ஊசி வளைவில் பஸ் ஆஃப் ஆவது போல. இன்ஜின் முழுச் சக்தியில் முழங்கும்போதும் ஸ்டால் வரும். எதிர்க்காற்றுக்கு இறக்கை காட்டும் கோணம் ஏறக்குறைய 15, 16 டிகிரியைத் தாண்டினால், மேற்புறக் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து சுழல ஆரம்பிக்கும். தூக்குவிசை சட்டென்று சரியும். அதுதான் ஸ்டால். 4,000 அடியில் இது அன்றாடப் பாடம். 200 அடியில் மீள இடமே கிடையாது.

காற்று மெல்லியதாக இருந்தால் டேக் ஆஃப் இன்னும் கஷ்டம். மெல்லிய காற்று என்றால் மலைக்காரர்களுக்குப் புரியும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெயிலும் இதே வேலையைச் செய்யும். கடலோர ஓடுதளத்தில் 40 டிகிரி என்றால், விமானத்துக்கு அது சுமார் 3,000 அடி மலை. இன்ஜினின் பலம் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும், ஏற்றம் மந்தமாகும்.

சமவெளியில் ஒரு மே மாத மதியம். டேங்க் நிறைய எரிபொருள், எதிரே தென்னை மரங்கள். ஏறவில்லையே என்று என் மாணவர், மூக்கை உயர்த்தும் கைப்பிடியான யோக்கை இழுத்தார். ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஹார்ன் அலறியது, இன்னும் இழுத்தார். கோணத்தைக் குறைக்க நான் அதை முன்னால் தள்ளினேன். மரங்களைப் பார்த்து மூக்கைத் தாழ்த்துவது எவ்வளவு கொடுமை என்று அன்று எனக்கும் தெரிந்தது. வேகம் கூடியது, மெல்ல ஏறினோம், ஓலைகள் சக்கரத்துக்குக் கீழே போயின. தரையிறங்கியதும் அவர் சொன்னார்: "விழுந்துடுவோம்னுதான் சார் இழுத்தேன்."

அந்தப் பயம் எல்லோருக்கும் வரும். அதனால்தான் உயரத்தில், ஆசிரியரோடு, கை தானாக முன்னால் தள்ளும் வரை திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

இன்ஜினே நின்றுவிட்டால்? ஓடுதளத்துக்குத் திரும்பத்தான் மனம் துடிக்கும். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வரும் வேகம் 19 விழுக்காடு கூடும், 60 டிகிரியில் 41. தாழ்வாக இருக்கும்போது மூக்கைத் தாழ்த்தி, எதிரே தெரியும் வயலில் இறங்குங்கள். விமானம் உடைந்தால் உடையட்டும்.

விமானக் கையேட்டின் டேக் ஆஃப் அட்டவணையை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு கணக்கு. இன்றைக்கு 38 டிகிரி, இரண்டு பேர், டேங்க் நிறைய.