ஸ்க்ரீன் கம்பிக்கு ஆணி அடிக்கிறீர்களா? முதலில் கண்ணாடியைப் போடுங்கள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். 38 வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வலது கண்ணில் பத்து நாளாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது என்றார். கண்ணில் அடி ஏதாவது பட்டதா என்று கேட்டேன்.

"அடியெல்லாம் படலீங்க டாக்டர். மூணு வாரம் முன்னாடி தூசி விழுந்துச்சு. அவ்வளவுதானுங்க."

"தூசி விழுந்தப்போ என்ன வேலை செஞ்சுட்டு இருந்தீங்க?"

அவர் யோசிப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டார். "ஸ்க்ரீன் கம்பி மாட்ட ஆணி அடிச்சாருங்க. வாடகை வீடு, டிரில் போடக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாருங்க."

அதற்கு மேல் அவரிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பில் பார்த்தேன். கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தின், ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெள்ளைக் கீறல், தானாகவே ஆறியிருந்தது. அதற்கு நேர் பின்னால் கண்ணின் கறுப்புத் திரையில் ஊசி குத்தியது போல ஒரு துளை. பின்னாலிருந்து ஒளி வரும்படி வைத்துப் பார்த்தால் அந்தத் துளை மட்டும் மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. அதற்கும் பின்னால் லென்ஸில் பஞ்சு போலப் புரை. சி.டி. ஸ்கேனில், விழித்திரையை ஒட்டி, வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி. இரும்புத் துகள். மூன்று வாரமாகக் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இதுபோல இந்த ஆண்டில் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! பட்டறைத் தொழிலாளிகள் வருவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் வீட்டில் படம் மாட்ட, கொடி கட்ட, திரை போட என்று ஆணி அடித்துவிட்டு வருகிறவர்களின் கூட்டம் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் சமயத்திலும், புது வீடு மாறும் மாதங்களிலும் கூடிவிடுகிறது. எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "மெஷின் எதுவும் போடலையே டாக்டர், வெறும் சுத்தியல்தானே."

அந்த வெறும் சுத்தியல்தான் ஆபத்து. விழித்திரை அறுவை செய்கிற எந்த மருத்துவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்குள் இரும்புத் துகள் புகுவதற்கு முதல் காரணமாக அவர் சொல்வது டிரில்லாக இருக்காது. சுத்தியலால் உளியையோ ஆணியையோ அடிப்பது என்றுதான் சொல்வார். டிரில் இயந்திரம் போடுகிறவர் அது போடும் சத்தத்துக்குப் பயந்தாவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கண்ணாடி போட்டுக்கொள்கிறார். ஆணி அடிப்பவரோ அது எங்கே இறங்குகிறது என்று பார்க்க முகத்தை நன்றாகக் கிட்டே கொண்டுபோகிறார்.

ஜன்னலுக்கு மேலே ஏன் ஆணி இறங்க மாட்டேன் என்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. ஜன்னல் திறப்புக்கு நேர் மேலே இருப்பது லிண்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். சுவரின் மற்ற இடங்களில் பூச்சைத் தாண்டினால் செங்கல் வரும், ஆணி இறங்கிவிடும். ஸ்க்ரீன் கம்பிக்குப் பிராக்கெட் வைக்க வேண்டிய இடமோ சரியாக அந்த லிண்டலின் மேல் வந்து நிற்கிறது. சாதாரண ஆணி வளைந்துவிடுகிறது. உடனே கடைக்குப் போய் கான்கிரீட் ஆணி வாங்கி வருகிறோம். அது கெட்டிப்படுத்திய எஃகு. வளையாது, அதற்குப் பதிலாகச் சில்லுத் தெறிக்கும். நாம் அடிக்கும் சுத்தியலின் முகமும் கெட்டிப்படுத்திய எஃகுதான். ஆணி பிடுங்கும் கொம்புள்ள தச்சுச் சுத்தியல் சாதாரண ஆணிக்காகச் செய்தது. அதைக் கொண்டு கான்கிரீட் ஆணியை ஓரச்சாய்வாக அடித்தால் ஆணியின் தலையிலிருந்தோ சுத்தியலின் விளிம்பிலிருந்தோ கடுகில் பாதியளவு துண்டு பிய்ந்து பறக்கும். நீங்கள் இமைப்பதற்கு முன்பே அது கண்ணுக்குள் போயிருக்கும்.

சுத்தியல்கூட இல்லாமல் அம்மிக் குழவியால் அடித்தவர்கள், அரிவாளின் பின்பக்கத்தால் அடித்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கல்லும் தெறிக்கும், அரிவாளும் தெறிக்கும்.

இனி, என்னை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "வலி இல்லையே, பார்வை நல்லாத்தானே இருந்தது, அதனால்தான் வரலை" என்று கிட்டத்தட்ட எல்லோருமே சொல்கிறார்கள். வலி இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்ற இந்தக் கணக்குக் கண்ணில் செல்லாது. கருவிழியின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாதாரணத் தூசி படுத்தும் பாடு இருக்கிறதே, தூங்க விடாது. நீர் கொட்டும், உறுத்தும், கண்ணைத் திறக்க முடியாது. ஏனென்றால் வலி உணரும் நரம்புகள் நெருக்கமாக இருப்பது கருவிழியின் மேற்பரப்பில்தான். வேகமாக வந்த சிறு துகள் அந்த மேற்பரப்பில் நிற்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. அது போன வழி மிகச் சிறியது என்பதால் தானே மூடிக்கொள்கிறது. உள்ளே லென்ஸுக்கும் விழித்திரைக்கும் வலி சொல்லத் தெரியாது. ஆகவே "சுருக்" என்று ஒரு நொடி, கொஞ்சம் நீர், ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரி. தூசி போய்விட்டது என்று நினைத்து மிச்ச ஆணியையும் அடித்து முடிக்கிறார்கள். உறுத்திக்கொண்டே இருக்கும் கண்ணைவிட, சட்டென்று அமைதியாகிவிட்ட கண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பார்வையும் அப்படித்தான். துகள் நடுப்பார்வைப் பகுதியைத் தொடாமல் ஓரமாகப் போய் அமர்ந்தால் அன்றைக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம்.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. கிருமி உள்ளே போயிருந்தால் ஓரிரு நாளிலேயே கண் முழுவதும் சீழ் பிடிக்கும். பழைய சுவர், மண் படிந்த ஆணி என்றால் இன்னும் வேகம். கிருமி இல்லாவிட்டாலும் இரும்பு சும்மா இருக்காது. வாரங்கள், மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து, துருவாகக் கரைந்து விழித்திரை முழுவதும் படியும். முதலில் இருட்டில் பார்வை குறையும். கண்ணின் நிறமே பழுப்பாக மாறும். விழித்திரை அப்படி நஞ்சேறிய பிறகு துகளை எடுத்தாலும் போன பார்வையை முழுதாகத் திருப்பித் தர எங்களால் முடியாது.

கைக்கருவியால் இவ்வளவு நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பார்வையற்றோர் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்லின் கதை. 1812ஆம் ஆண்டு, பிரான்ஸில், மின்சாரக் கருவி என்ற பேச்சே இல்லாத காலம். தந்தையின் தோல் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த 3 வயதுக் குழந்தையின் ஒரு கண்ணில் துளையிடும் ஊசி குத்திவிட்டது. 5 வயதுக்குள் அடிபடாத கண்ணும் சேர்ந்து போய்விட்டது. ஒரு கண்ணில் ஆழக் காயம் பட்டால் அரிதாக மற்றக் கண்ணும் அழற்சியால் கெடக்கூடும். இன்று அதற்கு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் நேரத்தோடு வர வேண்டும்.

சரி, பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கசக்காதீர்கள். தாய்ப்பால் விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள், நந்தியாவட்டைச் சாறு பிழியாதீர்கள். நாக்கால் தூசி எடுக்கும் பாட்டியிடமும், குண்டூசி முனையால் எடுத்துத் தரும் பட்டறை நண்பரிடமும் போகாதீர்கள். ஸ்பீக்கர் காந்தத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்த ஒரு தம்பியும் வந்திருக்கிறான். துகள் நகர்ந்தால் போகும் வழியெல்லாம் கிழிக்கும். மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு அடங்கும், உள்ளே கிருமி வளரும். காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல், புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் அது உட்காரும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். வழியில் டீ, பன் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம், வெறும் வயிறாக இருந்தால் அறுவை தள்ளிப்போகாது.

மருத்துவரிடம் போனதும் "சுத்தியல்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். "தூசி விழுந்தது" என்று சொன்னால் கூட்டமான நேரத்தில் எந்த மருத்துவரும் தூசிக்கான சொட்டு மருந்தைத்தான் எழுதுவார். திருப்பூர்க்காரருக்கும் முதலில் அதுதான் நடந்தது. "ஆணி அடிக்கும்போது பட்டது" என்ற ஒரு வரி போதும், நாங்கள் பாவையை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளையை, மருந்து விட்டு விரித்துப் பார்ப்போம், ஸ்கேன் எடுப்போம். எப்போதோ இப்படிப் பட்ட அனுபவம் உள்ளவர்கள், பின்னாளில் வேறு காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். அது மாபெரும் காந்தம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, திரையே போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மின்கருவி இல்லாமலும், கான்கிரீட் ஆணி இல்லாமலும் வழி இருக்கிறது. உங்கள் ஜன்னலுக்கு மர நிலை இருந்தால் சுவரைத் தொடவே வேண்டாம். பென்சிலால் குறித்து, சின்ன ஆணியால் மெல்ல ஒரு தொடக்கத் துளை போட்டு, அதை உருவிவிட்டு, ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, கையாலேயே திருகுங்கள். தேக்கில்கூட இறங்கும். மர நிலை இல்லை, ஜன்னல் சுவருக்குள் பதிந்திருக்கிறது என்றால் ஸ்பிரிங் வைத்த கம்பி கிடைக்கிறது. இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் முறுக்கி நிறுத்திவிடலாம், மெல்லிய துணியைத் தாங்கும். ஒட்டும் பிராக்கெட் டைல்ஸில் நிற்கும், சுண்ணாம்புச் சுவரில் பெயிண்டோடு பெயர்ந்து வரும். கனமான திரைதான் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். டிரில் போட்ட துளை சுத்தமாக இருக்கும், பட்டி வைத்து அடைத்துவிடலாம். ஆணி பெயர்த்த பூச்சுக்குத்தான் செலவு அதிகம் என்பதை வீட்டு உரிமையாளர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடித்தே ஆக வேண்டுமா? பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். சட்டத்தில் 'இசட்87' என்றோ 'ஈஎன்166' என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கிறது. ஆணியை விரலால் பிடிக்காமல் குறடால் பிடியுங்கள். வளைந்த ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். உளியின் தலை காளான் போல விரிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளையை அனுப்பிவிடுங்கள், துகளுக்கு யார் கண் என்று தெரியாது. பெரியவர் யாராவது பிடித்தால் அவருக்கும் ஒரு கண்ணாடி. சுவருக்குள் ஒயர் ஓடும் இடம் தெரியாவிட்டால் மெயினை அணைத்துவிடுங்கள்.

திருப்பூர்க்காரருக்கு அறுவை முடிந்துவிட்டது. புரை படிந்த லென்ஸை எடுத்தோம், துகளை எடுத்தோம், விழித்திரையில் அது இடித்த இடத்தைச் சுற்றி லேசர் வைத்தோம். செயற்கை லென்ஸ் பிறகுதான். துணியை அடுக்கி மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டும் வேலை அவருடையது. எப்போது வேலைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார், இன்னும் என்னால் தேதி சொல்ல முடியவில்லை. எடுத்த துகளைக் குப்பியில் போட்டுக் காட்டியபோது அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அவர் மனைவி போனில் பேசினார். வீட்டுக்குப் போனதும் அந்தச் சுத்தியலைத் தேடி எடுத்துப் பார்த்தாராம். முகத்தின் ஓரத்தில், கடுகில் பாதியளவு, பளபளவென்று புதிதாகப் பெயர்ந்திருக்கிறதாம்.