மேம்பாலம் ஏறும்போது மட்டும் ஏன் திணறுகிறது?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் பெட்ரோல் கார் 45,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. கத்திப்பாரா பாலம் ஏறும்போது மட்டும் குலுங்குகிறது. மெக்கானிக் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டு, 'மிஸ்ஸிங்கே இல்ல சார், பிளக் நல்லாத்தான் இருக்கு' என்கிறார். மாற்றலாமா, வேண்டாமா?"

உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண நிக்கல் பிளக் என்றால், மாற்றிவிடுங்கள். ஆனால் 'பாலம் ஏறும்போது மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான்கு வீச்சு இன்ஜினைப் பள்ளியிலேயே படித்திருப்போம். காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் வந்து அமுக்கப்படும். பிளக் தீப்பொறி விடும். பிஸ்டன் கீழே தள்ளப்படும். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிறது. அந்த மின்சாரம் தாண்ட வேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட சுமார் 3,000 வோல்ட் போதும். அப்படியானால் பல்லாயிரம் எதற்கு?

அந்த இடைவெளிக்குள் எப்போதும் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் தனியாகத் திரிந்துகொண்டிருக்கும். மின்னழுத்தம் வந்ததும் அதில் ஒன்று ஓட ஆரம்பிக்கிறது. வேகம் பிடித்து ஒரு காற்று மூலக்கூறின் மீது மோதினால், அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரான் தெறித்து வரும். இப்போது இரண்டு. இரண்டும் ஓடி மோத, நான்கு. அப்புறம் எட்டு, பதினாறு. கண்ணிமைப்பதற்குள் அதுவரை மின்சாரத்தைக் கடத்தாத காற்றே கம்பியாகிவிடுகிறது. அதுதான் நாம் பார்க்கும் பொறி. ஐப்பசி மழையில் மெரினாவுக்கு மேலே வெட்டும் மின்னலும் அடிப்படையில் இந்தக் கதைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மோதி உடைக்க வேகம் வேண்டும். வேகம் பிடிக்க ஓட இடம் வேண்டும். விடியற்காலை ரங்கநாதன் தெருவில் ஓடலாம். தீபாவளிக்கு முந்தைய மாலை அதே தெருவில் இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் நான்கு பேர் மேல் இடிப்போம். யாரையும் தள்ளிவிடும் அளவுக்கு வேகமே வராது. அமுக்கப்பட்ட சிலிண்டருக்குள் எலக்ட்ரானின் நிலையும் அதுதான். நெரிசல் கூடினால், அதே தூரத்தைத் தாண்ட இன்னும் பெரிய மின்னழுத்தம் தேவை. அழுத்தத்தையும் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கும் இந்த விதியை 1889இல் பாஷன் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். அப்போது அவர் காரை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. "இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டு நிதியைக் குறைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பாஷன் ஞாபகம் வந்துவிடும்.

சரி, பாலத்துக்கு வருவோம். சிக்னலில் நிற்கும்போது இன்ஜினுக்குள் போகும் காற்று கொஞ்சம். நெரிசல் இல்லை, பொறி சுலபமாகத் தாண்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்ததும் காற்று நிறைய நுழைகிறது, அழுத்தம் எகிறுகிறது. புது பிளக் சமாளிக்கும். பழைய பிளக்கில் ஒவ்வொரு பொறியும் துளித்துளியாக உலோகத்தைத் தின்று, இடைவெளி அகன்றிருக்கும், விளிம்பும் மழுங்கியிருக்கும். கூர்மையான இடத்தில்தான் மின்புலம் வலுவாகக் குவியும் என்பதால், மழுங்கிய விளிம்புக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். காயிலால் அவ்வளவு தர முடியாதபோது பொறி விழாது, வண்டி குலுங்கும். உங்கள் மெக்கானிக் செய்தது, படுத்திருப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறலாம் என்று சொல்வது போலத்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 வரை. இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும் உலோகம் என்பதால் அரிப்பைத் தாங்கும்; பெரும்பாலும் 80,000க்கு மேல் உழைக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு பிளக்கில் ஒரு பொறி. சென்னை நெரிசலில் சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வைத்தால், 40,000 கிலோமீட்டருக்குள் ஒரு பிளக் ஒன்பது கோடி பொறி விட்டிருக்கும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 80 வேகத்தில், 2,500 சுற்றில் ஓட்டினால் நான்கு கோடியைக்கூடத் தொடாது. கிலோமீட்டர் மீட்டருக்கு இது தெரியாது.

தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலையில் பல செட் பிளக் வாங்கலாம். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதிலோ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதிலோ எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வண்டி இழுக்கவில்லை என்றதும் 'திருஷ்டி' என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பொறுக்கவில்லை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் உள்ளே எரிதல் சரியாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது இன்ஜின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் குட்டிப் பயணங்கள். ஒரே ஒரு பிளக்கில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அந்த சிலிண்டரின் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்கச் சொல்லுங்கள்.