இக்வானாவின் உச்சந்தலையில் ஒரு கண்

கோஸ்டா ரிகா போய்வந்த வாசகர் ஒருவர், ஆற்றங்கரை மரத்தில் எடுத்த இக்வானா என்னும் பெரிய பல்லியின் படத்தை அனுப்பி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். கன்னத்தில் வட்டமாக, பெரிதாக இருப்பது காதா? தலை உச்சியில் வெளிறிய புள்ளி ஒன்று தெரிகிறதே, ஏதாவது காயமா?

முதல் கேள்வி சுலபம். அது காது இல்லை, வெறும் செதில். காது அதற்கு மேலே, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் செவிப்பறைதான். ஆனால் அந்தச் செதில் நல்ல அடையாளம்: அதே பகுதிகளில் திரியும் கருப்பு இக்வானாவுக்கு அது கிடையாது. ஆகவே, ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் உங்கள் படத்தில் இருப்பது பச்சை இக்வானாதான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் இப்படி நிறம் மாறுவதுண்டு. தாடைக்கடியில் தொங்கும் தோல், முதுகு முள்வரிசை, உடலைவிட நீளமான வால் எல்லாம் பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் அழகாக வந்திருக்கின்றன.

சரி, அந்தப் புள்ளிக்கு வருவோம். அது காயமில்லை, கண்!

ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில், அதன் கீழே லென்ஸ், அதற்கும் கீழே விழித்திரை, அங்கிருந்து மூளைக்கு ஒரு நரம்பு. இமை இல்லை, அசைக்கத் தசையும் இல்லை. உருவம் எதுவும் அதற்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான். நம் விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தக் கண்ணிலோ அவை நேராக லென்ஸைப் பார்த்து நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். அமெரிக்கப் பல்லி இனம் ஒன்றின் தலையிலும் உள்ள இதே போன்ற உச்சிக்கண்ணை ஆராய்ந்தபோது, ஒரே செல்லுக்குள் ஒளியை உணரும் இரண்டு நிறமிகள் இருப்பது தெரிந்தது. நீல ஒளி பட்டால் செல்லின் மின்னழுத்தம் ஒரு பக்கம் சாய்கிறது. பச்சை ஒளி பட்டால் எதிர்ப்பக்கம். நம் கண்ணில் நிறங்களை ஒப்பிட பல செல்கள் ஒன்றுசேர வேண்டும். இங்கே ஒரு செல்லே கூட்டிக் கழித்துவிடுகிறது. விடியலிலும் அந்தியிலும் வானத்தில் இந்த நிறங்களின் விகிதம் மாறுகிறது அல்லவா? அந்த மாற்றத்தைக் கணிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கருதப்படுகிறது.

அதனால் பல்லிக்கு என்ன லாபம்? 1950களில் கலிஃபோர்னியாவில் சில பல்லிகளின் உச்சிக்கண்ணை நீக்கிப் பார்த்தார்கள். அவை வெயிலில் வழக்கத்தைவிட அதிக நேரம் கிடந்தன. வெயிலில் காய்ந்தே உடல்சூட்டைச் சமாளிக்கும் பிராணிக்கு இது சின்ன விஷயமில்லை. 'பல்லியின் கண்ணை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்' என்று கேட்டு நிதியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதே நேரம், 'மூன்றாவது கண்ணைத் திறந்துவிடுகிறேன்' என்று காசு வாங்கும் பயிற்சியாளர்களுக்கு மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை! நம் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி இந்தக் கண்ணுக்கு உறவுதான். ஆனால் அதற்கு லென்ஸும் இல்லை, விழித்திரையும் இல்லை. இருட்டு வந்ததை நம் இரண்டு கண்கள் சொல்லித்தான் அது தெரிந்துகொண்டு மெலடோனின் என்ற இரவு ஹார்மோனைச் சுரக்கிறது.

அடுத்த முறை இக்கண்ணைப் படமெடுக்க விரும்பினால், தலை உச்சியை மேலிருந்து பார்க்க, கீழே மரங்கள் தெரியும் பாலம் ஒன்றைத் தேடுங்கள். தூரத்திலிருந்தே டெலிலென்ஸில் எடுக்கலாம், உங்கள் நிழல் அதன்மேல் விழாது. உச்சிவெயிலில் செதில்கள் பளபளத்துப் புள்ளி மறைந்துவிடும். மேகமூட்டமான நேரம் நல்லது. இரண்டு கண்களையும் கோட்டால் இணைத்து, அதற்குச் சற்றுப் பின்னால், நடுவில் ஃபோகஸ் வையுங்கள்.