அவைக்குள் அயல்நாட்டுக் கொடி

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. உக்ரைனுக்கு ஏறக்குறைய 6,100 கோடி டாலர் உதவி தரும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பில் இருந்தது. 311-க்கு 112 என்று நிறைவேறும் தறுவாயில், உறுப்பினர்கள் பலர் கையில் நீலமும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன உக்ரைன் கொடிகள் ஆடின. தலைமை இருக்கையில் இருந்தவர் சுத்தியலைத் தட்டி, இது அவை ஒழுங்குக்குப் புறம்பானது என்றார். அவ்வளவுதான்.

அபராதப் பேச்சு வந்தது கொடியை ஆட்டியவர்களுக்கு அல்ல, அதைப் படம் பிடித்தவருக்கு. கென்டக்கி உறுப்பினர் தாமஸ் மாஸி அந்தக் காட்சியை வீடியோ எடுத்து எக்ஸ் தளத்தில் போட்டிருந்தார். அதை நீக்காவிட்டால் 500 டாலர் அபராதம் என்று அவைக் காவல் அதிகாரி தரப்பிலிருந்து தகவல் வந்ததாக அவரே எழுதினார். அபராதம் கிடையாது என்று சபாநாயகர் மைக் ஜான்சன் சொன்ன பிறகுதான் விஷயம் அடங்கியது.

வேடிக்கையாகத் தெரிந்தாலும், இப்படி நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சபையின் விதிகளைப் புரட்டினால், அன்றைக்கு ‘வெளிநாட்டுக் கொடிக்குத் தடை’ என்று தனியாக ஒரு வரியும் கிடையாது. இருந்தவை பொதுவான இரண்டு. ஒன்று, அவையின் கண்ணியத்தைக் காக்க வேண்டும் என்பது. இன்னொன்று, பேசும்போது பதாகை, வரைபடம் போன்ற காட்சிப் பொருளைப் பயன்படுத்துவதற்கு யாராவது ஆட்சேபம் எழுப்பினால், தலைவர் விரும்பினால் அதை வாக்கெடுப்புக்கு விடலாம் என்பது. கொடி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது. இன்ன தவறுக்கு இவ்வளவு தொகை என்று எங்கும் எழுதப்படவில்லை.

படம் பிடிப்பதற்கு அப்படி இல்லை. 2016 ஜூனில் துப்பாக்கிச் சட்டம் கேட்டு ஜனநாயகக் கட்சியினர் அவைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவை இடைவேளையில் இருந்ததால் அதிகாரபூர்வ கேமராக்கள் அணைந்திருந்தன. உடனே கைபேசியில் நேரலை தொடங்கினார்கள். 2017 ஜனவரியில் புதிய சபை கூடியதும், அவைக்குள் படமோ ஒலியோ பதிவு செய்தால் முதல் முறை 500 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 2,500 டாலர் என்று விதி போட்டார்கள். ஆக, தொகை குறித்த விதி தானாக வேலை செய்யத் தொடங்குகிறது. ‘கண்ணியம்’ என்று மட்டும் சொல்லும் விதியோ நாற்காலியில் இருப்பவர் வாய் திறக்கும் வரை தூங்குகிறது.

சரி, ஒரு கைக்கொடியால் என்ன கெட்டுவிடும்? சட்டமன்றம் என்பது அடிப்படையில் ஒரு வரிசை முறை. ஒரு நேரத்தில் ஒருவர், அதுவும் தலைவரை விளித்து, ஒதுக்கிய நிமிடங்களுக்குள். அவர் பேசுவதற்குப் பதில் பேசலாம், குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லலாம். கொடி இந்த வரிசையில் நிற்பதே இல்லை. இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அது பேசுகிறது, அதை மறுத்துப் பேசவும் வழியில்லை. எழுத்துக் குறிப்பில் சரியாக ஏறாத அது, கேமராவில் மட்டும் கச்சிதமாக ஏறிவிடுகிறது. தொலைக்காட்சி வந்த பிறகு கொடிச் சண்டைகளுக்கு மவுசு கூடியதில் வியப்பில்லை. வெளிநாட்டுக் கொடி என்றால் கூடவே இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொள்கிறது: இது இந்த உறுப்பினரின் கருத்தா, இல்லை இந்த நாட்டின் நிலைப்பாடா?

அதே மண்டபத்தில் அதே கொடி மரியாதையோடு ஏறியதும் உண்டு. 2022 டிசம்பர் 21 அன்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி அங்கே உரையாற்றினார். பாக்முத் போர்முனை வீரர்கள் கையெழுத்திட்ட கொடியை அவர் நீட்ட, அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசியும் துணை அதிபர் கமலா ஹாரிஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்துக் காட்டினார்கள். இப்படி இரு அவைகளும் சேர்ந்து அமரும் கூட்டுக் கூட்டம் நடக்கும்போது பிரதிநிதிகள் சபை முறைப்படி இடைவேளையில் இருக்கும். வந்தவர் அழைக்கப்பட்ட விருந்தினர். துணி மாறவில்லை, கூட்டத்தின் வகைதான் மாறியது.

பிரான்ஸ் இதில் கறார். அங்கே தேசியப் பேரவையில் பேச்சுக்குத் துணையாக அட்டை, பொருள் எதையும் காட்டக் கூடாது என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். தண்டனையும் படிப்படியாக ஏறும்: கண்டிப்பு, குறிப்பில் பதியும் கண்டிப்பு, கண்டனம், கடைசியில் தற்காலிக விலக்கம். 2024 மே 28 அன்று அரசிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் உறுப்பினர் செபாஸ்டியன் டெலோகு பாலஸ்தீனக் கொடியைத் தூக்கிப் பிடித்தார். நேராக உச்சப் படிக்கே போனார்கள்: 15 நாள் விலக்கம், இரண்டு மாதத்துக்குச் சம்பளப் படியில் பாதி வெட்டு. அடுத்த வாரமே அமைதி குலைந்தது. ஜூன் 4 அன்று இன்னொரு உறுப்பினர் ரஷேல் கெகே அதே கொடியைக் காட்ட, அமர்வை மறுபடி நிறுத்த வேண்டியதாயிற்று. இவ்வளவு கடுமையும் அடுத்தவரைத் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியம். தண்டனை பெரிதாக ஆக, செய்தியும் பெரிதாகிவிடுகிறது.

சொந்தக் கொடிக்கே இடமில்லாத கதையும் உண்டு. கனடாவில் 1998-இல் உறுப்பினர்கள் மேசை மேல் சின்ன மேப்பிள் இலைக் கொடி வைத்தபோது, சபையின் அனுமதி இல்லாமல் அதுவும் கூடாது என்றார் சபாநாயகர். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எது அயல்நாட்டுக் கொடி என்று சொல்வதே கஷ்டம். 2020 ஜனவரி 29 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விடைபெறும் நேரத்தில் பிரிட்டிஷ் உறுப்பினர் நைஜல் ஃபராஜ் தன் நாட்டுக் கொடியான யூனியன் ஜாக்கை ஆட்டியதும் தலைமை தாங்கிய மைரீட் மெகின்னஸ் அவருடைய மைக்கை அணைத்துவிட்டார்.

கொடி என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற சிக்கல் நெதர்லாந்தில் வெளிப்பட்டது. 2025 செப்டம்பர் 18 அன்று, விலங்குகள் கட்சித் தலைவர் எஸ்தர் ஆவஹந்த் பாலஸ்தீனக் கொடியின் நிறங்களில் ஒரு மேல்சட்டை போட்டு விவாதத்துக்கு வந்தார். உடை நடுநிலையாக இருக்க வேண்டும், மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார் அவைத் தலைவர் மார்ட்டின் போஸ்மா. அவர் வெளியே போய், தர்பூசணிப் பழம் அச்சிட்ட வேறொரு சட்டையில் திரும்பி வந்தார். சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு விதை. நான்கு நிறமும் அப்படியே இருந்தன, கொடி மட்டும் இல்லை. இந்த முறை பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.