காலில் தகடு வைத்த விமானிக்கு மருத்துவச் சான்றிதழ்: எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

அட்டன் பக்கத்துத் தோட்டப் பையன் ஒருவன். வீட்டில் கடன்பட்டு விமானியாக்கினார்கள். வளைந்திருந்த முழங்காலை நிமிர்த்த சத்திரசிகிச்சை செய்தான். கால் சரியாகி வெகுநாளாகியும் கடதாசி சரியாகாமல் வீட்டிலேயே இருந்தான்.

சர்வதேச விதிப்படி, வர்த்தக விமானியின் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் பொதுவாக 12 மாதம் செல்லும். 60 வயதைத் தாண்டினால் 6 மாதம். "இன்னும் திகதி இருக்கே" என்று பறக்கப் போய்விடாதீர்கள். உடல் தகுதி குறைந்தது தெரிந்த பிறகு அந்தத் திகதி உங்களைக் காப்பாற்றாது. சத்திரசிகிச்சைக்கு முன்பே விமான மருத்துவப் பரிசோதகரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அடுத்த பரிசோதனையில் தழும்பே காட்டிக்கொடுக்கும்.

எலும்பைப் பிடிக்க உள்ளே வைத்த தகடோ ஆணியோ இருப்பதாலேயே தகுதி போய்விடாது. விமானத்தின் கால் பெடலை முழுப் பலத்தோடு மிதிக்க முடிகிறதா, அவசரத்தில் சட்டென்று வெளியேற முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். டிரமடோல், கோடீன் போன்ற வலி மாத்திரை எடுக்கும்வரை பறக்கும் பேச்சே வேண்டாம்.

பையன் மாட்டியது வைத்தியசாலைத் துண்டில். "வேலைக்குத் தகுதி" என்று ஒரே வரி. கிளினிக்கில் அத்தனை பேர் வரிசையில் நிற்க, நிபுணர் வேறென்ன எழுதுவார்? ஆகவே கேட்க வேண்டியதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, உள்ளே என்ன இருக்கிறது, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைப் பலம், இப்போதைய மருந்து, மீண்டும் எப்போது காட்ட வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே இரண்டையும் கையோடு வாங்குங்கள். பிறகு பதிவறைக்குப் போனால் "நாளைக்கு வாங்க"தான். சான்றிதழ் கொடுக்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இருப்பது கட்டுநாயக்காவில். ஒரு கடதாசி குறைந்தாலும் மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும்.

அப்புறம் பெயர். நம்மவர் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிடுவது புதிதா என்ன? அடையாள அட்டையில் ஒன்று, வைத்தியசாலையிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் இன்னொன்று. வாட்டை விட்டு வெளியேறும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க அலைய வேண்டும்.

தகட்டைப் பிறகு கழற்ற வேண்டுமா என்று நிபுணரிடம் முதல் நாளே கேளுங்கள். கழற்றுவதும் ஒரு சத்திரசிகிச்சைதான். அதற்குப் பிறகும் இதே கடதாசிகள், இதே பஸ்.