பழைய பைக்கின் கார்பரேட்டர்: அடைப்பு வேறு, தேய்மானம் வேறு

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்தால், பெரும்பாலும் பழுப்பு நிறப் பிசின்தான் கண்ணில் படும். அது ஒரு காலத்தில் பெட்ரோலாக இருந்தது. ஆவியாகக்கூடிய பகுதியெல்லாம் பறந்துபோனபின், மிஞ்சிய மூலக்கூறுகளில் சில காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, இப்படி ஒட்டிக்கொள்கின்றன. தாமிரம் இந்த வினையை வேகப்படுத்தும். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகங்களான ஜெட்டுகளோ பித்தளையால் ஆனவை. பித்தளையில் பாதிக்கு மேல் தாமிரம்தான்.

அந்தப் படலம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? கார்பரேட்டரில் பம்பு கிடையாது, சென்சார் கிடையாது. எஞ்சின் உறிஞ்சும் காற்று குறுகலான கழுத்து வழியே போகும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சூரி 1797-ல் விளக்கிய விளைவு இது. கிண்ணத்தில் உள்ள பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால், அது பெட்ரோலை ஜெட் வழியே கழுத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுபவை சில துளைகளின் அளவும், கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டமும்தான்.

ஐடிலிங்குக்கு, அதாவது த்ராட்டிலைத் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு, பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை 0.40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்சுவரில் 0.05 மி.மீ. பிசின் படிந்தால் விட்டம் 0.30 ஆகிவிடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 44 சதவீத வழி போய்விட்டது. அதே படலம், த்ராட்டிலை முழுதாகத் திறக்கும்போது பெட்ரோலை அளக்கும் 1 மி.மீ. துளையுள்ள மெயின் ஜெட்டில் படிந்தால் இழப்பு 19 சதவீதம்தான். நின்றுபோன பைக்குகள் சோக் போட்டுக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டினால் ஓடுவதும், சோக்கை எடுத்ததும் அணைவதும், த்ராட்டிலைத் திருகிப் பிடித்தால் மட்டும் ஒருவழியாக ஓடுவதும் இதனால்தான்.

சுத்தம் செய்யக் கழற்றும் முன், ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாகங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். கார்பரேட்டர் க்ளீனர் பட்டால் ஓ-ரிங்குகளும் டயாஃப்ரமும் உப்பிப் பாழாகும். ஜெட்டுக்குள் எஃகுக் கம்பியோ ட்ரில் பிட்டோ விடவே கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு கீறலே துளையின் அளவை மாற்றிவிடும். மெல்லிய தாமிர இழையோ நைலான் இழையோ போதும்.

கார்பரேட்டரின் உடலுக்குள் வளைந்து போகும் பாதைகளில் இழை நுழையாது. அங்கேதான் அல்ட்ராசோனிக் தொட்டி கைகொடுக்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 40,000 முறை அதிரும் திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. உடையும் வேகத்தில் அழுக்கைப் பெயர்த்தெடுக்கின்றன. தொட்டியில் நீரும் அதற்கான சோப்புக் கரைசலும்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஊற்றினால் தீ விபத்துதான். வெளியே எடுத்ததும் ஒவ்வொரு பாதையிலும் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தி, மறுமுனையில் அது வருகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், தெறிப்பது கண்ணுக்குத்தான் வரும்.

சரி, எல்லாம் பளபளக்கிறது. ஆனாலும் பாதி த்ராட்டிலில் கரும்புகை, ப்ளக்கில் கரி. இப்போது பிரச்சினை தலைகீழ். அழுக்கு துளையைச் சுருக்கும், தேய்மானம் பெரிதாக்கும். பாதி த்ராட்டிலில் பெட்ரோலை அளப்பது த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசிக்கும், அது நுழையும் நீடில் ஜெட்டுக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளி. 2.60 மி.மீ. துளையில் 2.50 மி.மீ. ஊசி நிற்பதாகக் கொண்டால், துளை வெறும் 0.02 மி.மீ. தேய்ந்தாலே அந்த வளையத்தின் பரப்பு 20 சதவீதம் கூடிவிடும். ஊசி வருடக்கணக்கில் அதிர்ந்து உரசியதில் துளை நீள்வட்டமாகியிருக்கும். இதை எந்தக் க்ளீனரும் சரிசெய்யாது. ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடும் அப்படித்தான். 1960-களின் கடைசியில் வந்த அமல் கான்சென்ட்ரிக் என்ற பிரிட்டிஷ் கார்பரேட்டரில் உடலும் ஸ்லைடும் துத்தநாகக் கலவை. ஒரே மாதிரி உலோகங்கள் உரசினால் சீக்கிரம் தேயும். இடைவெளி வழியே காற்று கசிந்து ஐடிலிங் நிலைக்காது.

தேயாத பழைய ஜெட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். மலிவான பழுதுபார்ப்பு கிட்டுகளில் வரும் ஜெட்டுகளில் மேலே பொறித்த அளவு எண் சரியாக இருந்தும் துளை மாறியிருப்பதுண்டு. கேஸ்கெட், ஓ-ரிங், ஃப்ளோட் நீடில் ஆகியவற்றுக்குக் கிட் போதும். அசல் பித்தளை நல்ல நிலையில் இருந்தால் அதையே நம்புவேன்.

கிண்ணத்தில் மிதந்து, ஃப்ளோட் நீடிலால் பெட்ரோல் வரத்தை அடைத்து மட்டத்தைக் காப்பது ஃப்ளோட். அது பித்தளை என்றால் வெந்நீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அதில் ஓட்டை இருக்கிறது. மூழ்கும் ஃப்ளோட் பெட்ரோல் மட்டத்தை உயர்த்தி, எல்லாத் த்ராட்டில் நிலையிலும் கலவையில் பெட்ரோலை அதிகமாக்கும். மாட்டும் முன் கார்பரேட்டரைத் தனியாக நிறுத்திப் பெட்ரோல் விட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது அரைமணி நேர வேலை.

1969-ல் வந்த ஹோண்டா சி.பி. 750 போல நான்கு கார்பரேட்டர் உள்ள வண்டி என்றால், அப்புறம் எஞ்சின் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் வேக்யூம் கேஜ் வைத்து நான்கையும் சமப்படுத்த வேண்டும். அதற்கு முன் வால்வு இடைவெளியையும் இக்னிஷன் டைமிங்கையும் சரிபார்த்துவிடுங்கள். அவை தவறாக இருந்தால் கேஜில் தெரியும் வித்தியாசம் கார்பரேட்டரால் வந்ததாக இருக்காது.