ஆக்கினை: தண்டனையா, தீர்ப்பா?

வேதாகமத்தில் ரோமர் 8:1 நம்மில் பலருக்கு மனப்பாடம். கிறிஸ்து இயேசுவுக்கு உட்பட்டவர்களுக்கு 'ஆக்கினைத்தீர்ப்பில்லை'. அதே பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யாக்கோபு 3:1, அநேகர் போதகராக வேண்டாம் என்று சொல்லி, 'அதிக ஆக்கினையை அடைவோம்' என்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி கேட்டேவிட்டாள்: "அங்க இல்லைன்னு இருக்கு, இங்க அதிகம்னு இருக்கே அண்ணா?"

நல்ல கேள்வி. சிக்கல் 'ஆக்கினை'யில்தான் இருக்கிறது.

வடமொழி 'ஆஜ்ஞா'வின் தமிழ் வடிவம் இது. முதற்பொருள் கட்டளை, போகப்போகத் தண்டனையையும் குறித்தது. யோகத்தில் புருவ நடுவைச் சொல்லும் 'ஆக்கினைச் சக்கர'த்தில் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1871இல் வெளிவந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பிலோ இரண்டாம் பொருள்தான் காதில் விழுகிறது.

கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் இல்லை. ரோமரில் 'கத்தாக்ரிமா', அதாவது குற்றவாளி என்று முடிவுகட்டுவது. யாக்கோபில் வெறும் 'க்ரிமா', தீர்ப்பு. இதற்கு உறவான வினை 'க்ரினோ', பிரித்தறிவது. முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல் வேறு, மணி வேறு என்று ஆக்குகிறோமே, ஏறத்தாழ அந்த வேலை. 'க்ரிமா' சில இடங்களில் தண்டனையையும் குறிக்கும் என்பது உண்மை. ஆனால் இங்கே யாக்கோபு தன்னையும் சேர்த்து 'அடைவோம்' என்கிறார். தனக்குத் தண்டனை நிச்சயம் என்றா சொல்வார்? அதிகம் கொடுக்கப்பட்டவனிடம் அதிகம் கேட்கப்படும் என்று லூக்கா 12:48 சொல்வதுதான் இது. கற்பிக்கிறவனின் கணக்கை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தண்டனைக்கு 'ஒறுப்பு' என்ற நல்ல சொல் உண்டு. குறள் 156 'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்' என்றே தொடங்குகிறது. ஆனால் கத்தோலிக்கர் தவக்காலத்தில் 'ஒறுத்தல்' என்றால் தன்னைத்தானே அடக்கிக்கொள்வது. குழப்பம்தான் மிஞ்சும். யாக்கோபுக்கு 'தீர்ப்பு' போதும். பசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்கிற அதே 'தீர்'. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பும் அங்கே 'தீர்ப்பு' என்றே வைத்திருக்கிறது. ரோமருக்கு 'தண்டனைத் தீர்ப்பு' என்பேன்.

அடுத்த வாரம் அந்தச் சிறுமியின் வேதாகமத்தைப் பார்த்தேன். யாக்கோபின் 'ஆக்கினை'க்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் 'தீர்ப்பு' என்று எழுதியிருந்தாள். ரோமரில் கைவைக்கவில்லை.